ஓரத்தில் வருகிறவர்கள்

யாராவது குறுக்கே வந்தால் ஸ்டெல்லனின் இடது பாதம் தரையை ஓர் அழுத்து அழுத்தும். என் கடையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான். வாசலில் ஒரு நாய் போகும், அல்லது யாரோ அவருக்கும் அலமாரிக்கும் நடுவில் புகுந்து போவார்கள். பேச்சு நிற்காது, முகம் மாறாது, பாதம் மட்டும் அழுத்தும். அவர் ஓட்டும் பழைய டிராமில் மணிக்கான மிதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. "என் பக்கத்துல படுக்கறதுக்கே மரீட்டாவுக்குத் தைரியம் வேணும். கனவுல எவனாச்சும் குறுக்க வந்தா அவ முழங்காலுக்குத்தான் அடி," என்பார். மரீட்டா அவர் மனைவி. அடி வாங்கியும் முப்பது வருஷமாக அதே கட்டிலில்தான் படுக்கிறாள்.

மயோர்னா மேட்டுச் சரிவில் என் கடை. பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி விற்கிறேன், ஃபிலிம் கழுவித் தருகிறேன். டிராம் போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடிக்குள் லென்ஸ்கள் ஒன்றோடொன்று உரசி முணுமுணுக்கும். சனிக்கிழமை காலைப் பணி முடிந்ததும் ஸ்டெல்லன் வந்துவிடுவார். நீலச் சீருடைக் கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி, கக்கத்தில் காப்பிக் குடுவை. குடுவையைக் கல்லாவின் மேல் வைப்பார். வைத்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். கதவோரத்தில் குடை போடும் வாளி ஒன்று இருந்தது. போன இலையுதிர் காலம் முழுக்க அதை உதைக்காமல் அவர் உள்ளே வந்ததில்லை.

"இத வேற எங்கயாச்சும் வையேன் லிஸ்பெத். வர்றவன் கால ஒடிக்கணும்னே வெச்சிருக்க."

"கடை தொறந்த நாள்லேருந்து அது அங்கதான் இருக்கு. கண்ணத் தொறந்துட்டு வா."

"தொறந்துதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வாளியை நிமிர்த்தி வைப்பார். இப்போது அந்த வாளி கல்லாவுக்கு அடியில் இருக்கிறது.

நெட்டையான மனிதர். மீசையின் நுனி புகையிலையால் மஞ்சளாகிவிட்டது. கறுப்பு ரை ரொட்டியின் மேல் ஊறவைத்த மத்தி மீன், அதற்கும் மேல் பச்சை வெங்காயம், இதைத் தின்றுவிட்டு ஒரு டிராம் பெட்டிக்குள் நின்று மனிதர்களோடு பேசக் கூடாது என்று யாரும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. நான் சொன்னேன். "என் வண்டியில ஓட்டுநர்கிட்ட பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. எதுக்குன்னு நெனச்ச?" என்றார். கண் விஷயத்தில் அவருக்குப் பெருமை அதிகம். லென்ஸ் வளையத்தில் எறும்பு அளவில் பொறித்திருக்கும் எண்ணைக் கண்ணாடி போடாமல் படித்துக் காட்டுவார். நான் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அவருடைய கேமரா அப்பா காலத்தது. லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். படம் பிடிக்கிற லென்ஸ் ஒன்று, நாம் எட்டிப் பார்க்கிற ஜன்னல் வேறு. அந்த மாதிரிக் கேமராக்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முழுச் சுருளையும் எடுத்துவிடுவார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உலகம் பளிச்சென்று தெரியுமே, மூடி எப்படி நினைவுக்கு வரும்? ஒன்றுமே பதியாத சுருளை நீட்டி, "மருந்து கெட்டுப் போச்சா?" என்று என்னைக் கேட்பார்கள். ஸ்டெல்லன் அந்தத் தவறைச் செய்ததே கிடையாது. அவ்வளவு ஜாக்கிரதை.

பல வருஷங்களாக அவரிடம் ஒரே லென்ஸ்தான் இருந்தது, தொண்ணூறு மில்லிமீட்டர். தூரத்தைக் கிட்டே இழுக்கிற வகை. விடுமுறை நாளில் ஏதாவது நிறுத்தத்துக்கு எதிர்ப் பக்கம் போய் நின்றுகொண்டு, டிராமுக்குக் காத்திருக்கும் முகங்களைப் பிடிப்பார். கொட்டாவி விடுகிறவர், கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிற பெண், மழையில் பத்திரிகை படிக்கிறவர். நல்ல படங்கள். ஏன் கிட்டே போவதில்லை என்று கேட்டால், "கிட்டப் போனா பேசணும். பேசினா காப்பிக்குக் கூப்பிடுவாங்க. எதுக்கு வம்பு?" என்பார். இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இதுதான் வாழ்க்கை முறை, ஆகையால் நான் தோண்டவில்லை.

அப்படிப்பட்டவர் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்து, வாளியை உதைத்து, நிமிர்த்தி, "வைட் லென்சு ஒண்ணு வேணும்," என்றார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏன், எனக்கு ஆகாதா?"

"கிட்டப் போகணுமே ஸ்டெல்லன். எதிர்ப் பக்கம் ஒளிஞ்சுக்க முடியாது. மூக்குக்கு மூக்கு நிக்கணும்."

"நிக்கறேன். கடிச்சா வெச்சிடப் போறாங்க?"

அகலக்கோண லென்ஸ் வாங்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூலை இருட்டுமா, கட்டடம் சாயுமா, ஓரத்தில் நிற்கிறவன் தலை பூசணிக்காய் ஆகுமா. என் பதிலும் மனப்பாடம், எண் குறையக் குறையக் கோணம் விரியும். முப்பத்தைந்து கூச்சக்காரர்களுக்கு. இருபத்தெட்டு தினசரிப் புழக்கத்துக்கு. இருபத்தொன்று பேராசைக்காரர்களுக்கு. அதற்கும் கீழே போனால் சொந்தச் செருப்பும் படத்தில் விழும். ஸ்டெல்லன் இதில் எதையும் கேட்கவில்லை. லென்ஸின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கை போனது வியூஃபைண்டர் பெட்டிக்கு.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவருடைய கேமரா ஜன்னல் அகலக்கோணத்தை முழுசாகக் காட்டாது. அதனால் லென்ஸுக்கு ஏற்ற தனி வியூஃபைண்டர் ஒன்றைக் கேமராவின் தலையில் செருகிக்கொள்வார்கள். கட்டைவிரல் அளவு குழல், இரண்டு பக்கமும் கண்ணாடி. இருபத்தொன்றுக்கான குழலைக் கண்ணில் வைத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரு மொத்தமும் சுருங்கி, தபால்தலை அளவில் நடுவில் வந்து உட்காரும். ஸ்டெல்லன் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து வைத்தபடி நின்றார். குளிர் உள்ளே வந்தது.

"கதவச் சாத்து."

"இரு, இரு. இந்தப் பக்கம் ரொட்டிக்கடை, அந்தப் பக்கம் மருந்துக்கடை. ரெண்டும் ஒண்ணாத் தெரியுது லிஸ்பெத்."

"தெரியாம? எதிரும் புதிருமாத்தானே இருக்கு."

"ஆமா," என்றார் மெதுவாக. "எதிரும் புதிருமாத்தான் இருக்கு."

அடுத்த வாரமும் அதையே செய்தார். அதற்கடுத்த வாரமும். இருபத்தெட்டின் குழலைப் பார்த்து "பத்தாது" என்பார், இருபத்தொன்றைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைப்பார். இந்த மனிதர் வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. லென்ஸைச் சனிக்கிழமை எடுத்துப் போகலாம், ஒரு சுருள் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை கொண்டுவரலாம். அடையாளமாக எதையாவது விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் எல்லோரும் எதிர்வீட்டுச் செங்கல் சுவரைப் படமெடுத்துக்கொண்டு வருவார்கள், கோடு வளைகிறதா என்று பார்க்க. இந்த ஊரிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட சுவர் அதுவாகத்தான் இருக்கும். "இருபத்தெட்டக் கொண்டு போ, எடுத்துப் பாரு, என்னைய விடு," என்றேன்.

காப்பிக் குடுவையை அடையாளமாக விட்டார். லென்ஸை மாட்டிக்கொண்டார். குழலை நீட்டினேன்.

"அது வேணாம். நெஞ்சுல தொங்கவிட்டுத்தான் எடுக்கப் போறேன்."

அப்படி எடுப்பதும் வழக்கம்தான். தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, எதையும் எட்டிப் பார்க்காமல், கண்ணால் பார்த்ததை நெஞ்சிலிருந்து தட்டுவது. தெருவில் படமெடுக்கிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான். "கண்ணால பாக்கறதும் படத்துல விழறதும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்," என்றார். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுருளைக் கழுவி, எல்லாப் படங்களும் சின்னச் சின்னதாக வரிசையாக விழுந்த அச்சுத் தாளை விளக்கு மேசையில் போட்டேன். ஸ்டெல்லன் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். எல்லாம் டிராம் நிறுத்தங்கள். தண்டவாளத்துக்கு நடுவில், வண்டியின் மூக்கு எங்கே வந்து நிற்குமோ அங்கேயே நின்றுகொண்டு எடுத்திருக்கிறார். எல்லோரும் படத்தின் நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். இவர் ஓரத்திலிருந்து தொடங்கினார். ஒரு படத்தில் நின்றார்.

"இது யாரு?"

நடுவில் ரொட்டிப் பையோடு ஒரு கிழவர். இடது ஓரத்தில், வெகு அருகில், மஞ்சளோ வெள்ளையோ, கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது, மழைக்கோட்டு போட்ட ஒரு சிறுமி. ஒரு கால் தண்டவாளத்தின் மேல். ஓரத்தில் இருந்ததால் லென்ஸ் அவளைக் கொஞ்சம் இழுத்திருந்தது.

"யாரோ குழந்த."

"இவ அங்க இல்ல."

"இருக்காளே."

"நான் எடுத்தப்போ இல்ல லிஸ்பெத்."

"அப்போ பேயா இருக்கும். மழைக்கோட்டு போட்ட பேய். இந்த ஊர்ல பேய்க்கும் அது இல்லாம முடியாது."

சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவர். அடுத்த படத்துக்குப் போனார். வலது ஓரத்தில் மிதிவண்டியின் முன்சக்கரமும் ஒரு கையும். இன்னொன்றில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடக்கிற ஒரு மூதாட்டி. இன்னொன்றில் நாய், அதன் கயிறு, கயிற்றைப் பிடித்த பெண். ஒவ்வொருவர் மேலும் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"மூடியக் கழட்டாமலே எடுத்துத் தொலைச்சிருக்கலாம்," என்றார்.

படம் கெட்டுப்போன வருத்தம் என்றுதான் நினைத்தேன். சமாதானம் சொல்கிற குரலில், வைட் லென்ஸ் என்றாலே இப்படித்தான், கூப்பிடாத ஆட்கள் ஓரத்தில் வந்து விழுவார்கள், புதிதாக எடுக்கிற எல்லோரும் படம் வந்ததும் இதைத்தான் கேட்பார்கள் என்றேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"ஓரத்துல இருக்கறவங்க யாருக்குமே தெரியறதில்லையா?"

"கவனிக்கறதில்ல. அவ்வளவுதான்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நெஞ்சிலிருந்து மூச்சை விட்டார். எனக்கும் திருப்தியாக இருந்தது, ஒரு வாடிக்கையாளரைத் தேற்றிவிட்டோம் என்று.

அந்தத் தெளிவு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை போலிருக்கிறது. அடுத்த முறை வந்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நேராக வந்து இருபத்தொன்றின் குழலை எடுத்தார். நான் லென்ஸையும் எடுத்து வைத்தேன்.

"லென்சு வேணாம். இது மட்டும் போதும்."

"லென்சு இல்லாம இத வெச்சு என்ன பண்ணுவ? காதுல மாட்டிக்குவியா?"

"பாத்துட்டுத் தரேன்." கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார். "அடையாளம்."

"கேமராவ விட்டுட்டு வியூஃபைண்டர எடுத்துட்டுப் போற மொத ஆளு நீதான்."

"எதுலயாச்சும் மொதல்ல வரணுமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் வாளி உருண்டது. இந்த முறை நிமிர்த்தி வைக்கவில்லை.

திங்கட்கிழமை மழை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு மேசையில் அவருடைய அச்சுத் தாள் கிடந்தது. கல்லாவின் மேல் கேமரா, தலையில் ஒன்றும் இல்லாமல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு ஏனென்று சொல்லத் தெரியவில்லை, வாசலுக்குப் போய் இரண்டு கைகளையும் சுருட்டிக் குழல் மாதிரிக் கண்களில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன். ரொட்டிக்கடை தெரிந்தது. மருந்துக்கடை தெரியவில்லை. எதிர்வீட்டு இரண்டாம் மாடியின் திரைச்சீலை மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. கைகளை எடுக்காமலே உள்ளே திரும்பி நடந்தேன். கால் வாளியில் மோதியது.

ஸ்டெல்லனுக்கு இப்படித்தான் தெரிகிறது. அவர் படத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை, தன் கண்ணைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்தச் சோதனையில் தோற்றவரிடம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பியது நான்தான். இப்போது அவர் அந்தக் குழலோடு எங்கே இருப்பார் என்று யோசிக்கவே தேவையில்லை. திங்கள், மதியப் பணி, கடலோரக் கடைசி நிறுத்தம் வரை போகிற வண்டி. டிராம் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. ஆனால் நான் நினைப்பது தவறாக இருந்தால் ஒரு மனிதரின் வேலையை வாயாலேயே பறித்தவள் ஆவேன். சரியாக இருந்தால், நான் யோசித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலேயே ஏதாவது நடந்துவிடும். கடையைப் பூட்டிவிட்டு நிறுத்தத்துக்கு ஓடினேன்.

அவருடைய வண்டி வந்தது. முன்கதவு வழியாக ஏறி, ஓட்டுநர் அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில், சற்று வலப்புறமாக நின்ற என்னைப் பார்க்கவில்லை. மழை மூட்டத்தில் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஏறுகிறவர்கள் ஏறி முடித்ததும் ஸ்டெல்லன் கோட்டுப் பையிலிருந்து குழலை எடுத்தார், வலது கண்ணில் வைத்தார், இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார், பைக்குள் போட்டார், மணியை அழுத்தினார், கிளம்பினார். அடுத்த நிறுத்தத்திலும் அதே மாதிரி. என் பின்னால் ஒருவர் போனில் பட்டாணி சூப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். பெட்டி நிறைய ஆட்கள். இவர்கள் எல்லோரையும், வெளியே நடக்கிறவர்களையும் ஒரு கட்டைவிரல் அளவுக் கண்ணாடி காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதுவும் நிற்கும்போது மட்டும். ஓடும்போது அதுவும் இல்லை. இப்போது பேசினால் பதறிவிடுவாரோ என்று பேசவும் பயம், பேசாமல் இருக்கவும் பயம்.

கடைசிக்கு முந்திய நிறுத்தத்தில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. குழலை எடுத்தார், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அவர் பார்வை வலது பக்கம் போன பிறகு இடது பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, முதுகைவிடப் பெரிய பையோடு, வண்டியின் மூக்குக்கு முன்னால். ஸ்டெல்லன் குழலைப் பைக்குள் போட்டார். மணி அடித்தது. வண்டி அசைந்தது.

உள்ளங்கையால் தடுப்புக் கண்ணாடியை ஓங்கி அறைந்தேன்.

வண்டி நின்றது. எல்லோரும் ஒருமுறை முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள். பையன் தலையை நிமிர்த்தாமலே தாண்டிப் போய்விட்டான். மூக்கு துடைத்த பெண் என்னைப் பார்த்து முகம் சுளித்தாள். நடந்தது வேறு யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லன் மெல்லத் திரும்பி, தேடி, என்னைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் இருந்தது பாறைகளுக்கு நடுவே வேலி போட்ட ஒற்றைப் பாதைதான். அதில் ஆள் நடக்கிற வேகத்தில், மணியை விடாமல் அழுத்திக்கொண்டே போனார்.

"என்னப்பா இது, மாடு மேய்க்கப் போறோமா?" என்றார் சூப்புக்காரர்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கதவுகளை மூடிவிட்டு ஸ்டெல்லன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். கடல் காற்று பெட்டியை ஆட்டியது. நான் அறைக் கதவைத் திறந்து படியில் நின்றேன்.

"எவ்வளவு பெரிய பையன்?" என்று கேட்டார்.

"உனக்குத் தெரியல?"

"நீ கண்ணாடியத் தட்டினதுக்கு அப்புறமும் தெரியல. எதுக்கு நின்னேன்னே தெரியாமத்தான் நின்னேன்."

படியிலேயே உட்கார்ந்தேன்.

"எப்போலேருந்து இப்படி?"

"அது தெரிஞ்சா பயம் எதுக்கு? கறுப்பா ஒண்ணும் மறைக்கல லிஸ்பெத். இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த எடத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, அவ்வளவுதான். உன் வாளி மாதிரி."

"டாக்டர்கிட்ட?"

"எழுத்துப் பலகைய கடைசி வரி வரைக்கும் படிப்பேன். படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம்."

"வசந்தத்துல பரிசோதன வருது. ஓரத்தையும் பாப்பாங்க. அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு..."

"மரீட்டாவுக்குத் தெரியுமா?"

"தட்ட இப்பல்லாம் எனக்கு நேரா வெக்கிறா. தண்ணிய தட்டுக்குப் பக்கத்துலயே வெக்கிறா. ஒண்ணும் கேக்கல. தெரியும்தான்."

வெளியே திரும்பிப் போகிறவர்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் கதவைத் தட்டி, மணிக்கட்டைக் காட்டினார். ஸ்டெல்லனின் இடது பாதம் மிதியின் மேலேயே இருந்தது.

"இந்த நாற்காலில உக்காந்தா தண்டவாளம் கூட்டிட்டுப் போயிடும்," என்றார். "எறங்கினா நான் எங்க நிக்கிறேன்னே தெரியல. ரொட்டிக்கடைக்குப் போறதுக்குள்ள நாலு பேர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். எங்கப்பாவுக்கும் இப்படித்தான், கடைசியில சமையக்கட்டு நாற்காலியவிட்டு எழுந்திரிக்கவே இல்ல. எனக்கு அந்த நாற்காலியப் பாத்தா பயம். இதவிட்டு எறங்கினா அடுத்தது அதுதான்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அந்தப் பையனின் பை, குனிந்த தலை, கழுத்தில் ஈரமாக ஒட்டியிருந்த முடி, எல்லாம் கண்முன்னால் நின்றன.

"நீ கூப்பிடறியா, நான் கூப்பிடட்டுமா?"

மறுபடியும் கதவைத் தட்டினார்கள். "கெளம்பலையா? நேரமாச்சு," என்று கண்ணாடிக்கு வெளியே ஒரு வாய் அசைந்தது. ஸ்டெல்லன் அந்தப் பக்கம் பார்த்தார். வாய் மட்டும்தான் தெரிந்திருக்கும், பக்கத்தில் நின்றவர்கள் தெரிந்திருக்க மாட்டார்கள். கையை நீட்டி வயர்லெஸ் கருவியை எடுத்தார். தேடாமல், தடவாமல், நேராக.

"ஸ்டெல்லன் பேசறேன். கடைசி நிறுத்தத்துல நிக்கறேன். ஆள் மாத்தணும்."

"வண்டியில கோளாறா?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

ஸ்டெல்லன் பாதத்தை மிதியிலிருந்து எடுத்தார்.

"கண்ணு," என்றார். "எனக்கு ஓரம் தெரியல."

அந்தக் குரல், முன்னைவிட மெதுவாக, "சரி ஸ்டெல்லன். சாவிய எடுத்துடு. அங்கயே இரு. பெயாட்டாவ அனுப்பறேன்," என்றது.

பெயாட்டா அலுவலகக் காரில் வந்தாள். தோள் அகலமான பெண், வாயில் சூயிங்கம். காத்திருந்தவர்கள் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். "ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, வீட்டுக்குப் போனதும் எல்லாரும் உயிரோடதான் இருப்பீங்க, ஏறுங்க," என்று ஒரே போடாகப் போட்டாள். ஸ்டெல்லன் இருக்கையைவிட்டு எழுந்து, அவள் உயரத்துக்கு அதை இறக்கிக் கொடுத்தார்.

"அடுத்த நிறுத்தத்துல பள்ளிக்கூடம். மணிய அடிச்சுக்கிட்டே போ."

"அடிக்கறேன். நீ போய் சூடா ஏதாச்சும் குடி."

"எடது பக்கத்தக் கடைசியா இன்னொரு தடவ பாரு."

பெயாட்டா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "பாக்கறேன்," என்றாள்.

படியில் இறங்கும்போது அவர் தடுமாறவில்லை. அந்தப் படி அவர் காலுக்குத் தெரியும். நடைமேடையில் இறங்கியதும் நின்றுவிட்டார். ஈரத்தில் விளக்குகள் எல்லாப் பக்கமும் மின்னின, ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள், அவர் சீருடைக் கோட்டோடு நடுவில் கம்பம் போல நின்றார். போய் அவர் பக்கத்தில் நின்றேன். பையிலிருந்து குழலை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"முழு வண்டியும் தெரியுது," என்றார். "மூக்குலேருந்து வாலு வரைக்கும். இத்தன வருஷத்துல என் வண்டி நான் இல்லாம கெளம்பறத ஒரு தடவகூட வெளியிலேருந்து பாத்ததில்ல."

கதவுகள் மூடின. அப்போது தின்பண்டக் கடைப் பக்கமிருந்து ஒரு சிறுமி ஓடிவந்தாள். அவளுடைய கம்பளிக் கையுறை ஒன்று தண்டவாளத்துக்கு அருகில் விழுந்து கிடந்தது. வண்டியின் மூக்குக்குச் சற்றுத் தள்ளி, இடது ஓரத்தில், அதை எடுக்கக் குனிந்தாள். என் உள்ளங்கை எழுந்தது, அறையக் கண்ணாடி இல்லை.

ஸ்டெல்லனின் இடது பாதம் நடைமேடைக் கல்லை அழுத்தியது. அதே நொடியில் மணி அடித்தது.

சிறுமி கையுறையோடு நிமிர்ந்து பின்னால் நகர்ந்தாள். பின்னாலேயே வந்த அம்மா அவளுடைய தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பெயாட்டா இன்னொரு முறை மணியை அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அது பாறை வளைவில் மறையும்வரை ஸ்டெல்லன் குழலைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை, கல்லிலிருந்து காலையும் எடுக்கவில்லை.